நம் வீடு எதனால் ஆனது?



வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்பது நம்மவர் வழக்கு. வீடு கட்டுவோனுடைய பணச் செலவையும் மனத் தொல்லையையும் நினைந்து எழுந்த பழமொழி அது. ஆயினும் ஒரு வீட்டின் செலவு, கட்டுவோனின் கைப்பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதில் ஒரு பகுதியை ஆறு கொடுக்கிறது. ஒரு பகுதியைக் கடல் கொடுக்கிறது. எஞ்சியதைக் காடும் மலையும் கொடுக்கின்றன. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத அந்தச் செலவைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இதனை ஆராய விரும்புவோருக்குத் திருகோணமலையே ஒரு பாடசாலை எனலாம். கட்டடப் பொருள்களின் வரலாறு இங்கே கண்முன் நிற்கிறது. 1622-ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். இடித்த கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். பின்னாளிற் பிரெடரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அந்தக் கோட்டையின் வாயிலிலே, மீன் சின்னமும் தமிழ்ச் சாசனமும் பொறித்த ஆலயத் தூண் இன்றும் உண்டு. அது நெஞ்சை வருத்தும் வரலாறு. எனினும், பொருளை ஆராய்பவனுக்கு அதிலே ஒரு செய்தியும் உண்டு. ஒரு கல்லை மலையிலிருந்து பெயர்த்தெடுக்க எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். ஆதலால் வெட்டிய கல்லை அவர்கள் வீணே எறியவில்லை. நாமோ பழைய கட்டடத்தை இடித்து, அதன் ஓட்டையும் மரத்தையும் கல்லையும் குப்பையென ஒதுக்கிவிட்டுப் புதிய பொருளைத் தேடி ஓடுகிறோம்.

நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள். களிமண் சுவர், பனைமரக் கைமரம், கிடுகோ பனையோலையோ வேய்ந்த கூரை. இவையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்திலேயே கிடைத்தன. வீடு பாழடைந்தால் மண் மண்ணோடு சேரும். ஓலை தோட்டத்துக்கு எருவாகும். அவ்வீட்டினால் ஆறும் அழியவில்லை, கடலும் அழியவில்லை.

அப்படியாயின் நாம் மீண்டும் மண்வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்பீர்கள். அவ்வாறு கூறுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. 1964-ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே வீசிய பெரும் புயலை இப்பகுதியின் முதியோர் இன்னும் மறக்கவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆந் திகதி கடல் பொங்கி எழுந்தபோது மூதூரும் கிண்ணியாவும் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. 2020-ஆம் ஆண்டிலும் ஒரு புயல் இம்மாவட்டக் கரையைக் கடந்தது. கூரை பறந்த இரவிலே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நின்ற தாய் ஒருத்தி, ஒரு கல்வீடு வேண்டும் என விரும்பினால் அதைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு? ஆகவே, உறுதியான வீடு வேண்டுமா என்பதன்று நம் கேள்வி. அவ்வுறுதியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே கேள்வி.

முதலிற் சுண்ணாம்பை எடுத்துக்கொள்வோம். சீமெந்து வருமுன் கற்களைப் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்தே. இலங்கையின் கரையோரங்களிலே முருகைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டு அதனை ஆக்கினர். யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலே முருகைக்கல்லால் ஆனதுதான். சிறிதளவாக எடுத்த காலத்திற் கடல் அதனைத் தாங்கிக்கொண்டது. தேவை பெருகியபோது தாங்கவில்லை. தென்கரையில் அம்பலாங்கொடைக்கும் திக்குவல்லைக்கும் இடையே மட்டும் ஆண்டொன்றுக்குச் சுமார் 18,000 தொன் முருகைக்கல் சுண்ணாம்புத் தொழிலுக்குச் சென்றது என 1984-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது.

முருகைப் பாறை வெறுங் கல்லன்று. அது சிற்றுயிர்கள் நூற்றாண்டுகளாகக் கட்டிய அணை. மீன் குஞ்சுகளுக்கு அது தொட்டில். கரைக்கு அது கவசம். 2004-ஆம் ஆண்டுப் பேரலையின் பின்னர் தென்மேற்குக் கரையை ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். முருகைப் பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையிலே அலையின் வேகம் தணிந்தது. அதற்கு அண்மையில், பாறை அகழப்பட்டிருந்த பெரலியவிலோ அலை ஊருக்குள் வெகுதூரம் புகுந்து புகைவண்டியையே புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடு கட்டுவதற்காகச் சூளையிலிட்ட கல்லே, அந்த வீடுகளைக் காத்து நின்ற மதில் என்பதை மக்கள் காலங்கடந்தே உணர்ந்தனர். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கரையோர வலயத்திலே முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்திருக்கிறது. நமது நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் முருகைப் பாறைகளைப் பார்க்கும்போது, இந்தச் செய்தியை நாம் நினைவுகூர வேண்டும்.

அடுத்தது சீமெந்து. சுண்ணக்கல்லைக் களிமண் முதலியவற்றோடு சேர்த்து, ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்திலே சுட்டு, கிடைக்கும் கட்டியைப் பொடியாக்கினால் அதுவே சீமெந்து. நூறு இறாத்தல் தூய சுண்ணக்கல்லைச் சுட்டால் 56 இறாத்தல் சுண்ணாம்பே மிஞ்சும். மீதி 44 இறாத்தல் கரியமில வாயுவாக ஆகாயத்தை அடையும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். உலகத்தார் வெளியிடும் கரியமில வாயுவிலே நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலிலிருந்தே வருகிறது.

காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950-ஆம் ஆண்டளவிலே தொடங்கி, போரினால் 1990-இல் நின்றுபோயிற்று. திருகோணமலையிலோ 1980-களிலே டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை அமைந்தது. பெரிய கப்பல்கள் நுழையக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் இங்கே இருப்பதனால், வெளிநாட்டிலே சுட்ட கட்டியைக் கப்பலிற் கொணர்ந்து இங்கே அரைக்கின்றனர். ஆதலின் அப்புகை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆகாயத்துக்கு எல்லைக்கல் இல்லையே! எங்கே எழுந்த புகையாயினும் அது எல்லோர்க்கும் பொதுவான வானத்தையே வெப்பமாக்குகிறது. நெல்லுமியை எரித்து மின்சாரம் பெறுவதும், அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சீமெந்திற் கலப்பதும் இன்று நடைமுறைக்கு வந்திருப்பன. இவை சிறு நன்மைகளே எனினும் வரவேற்கத்தக்கன.

இனி மணலுக்கு வருவோம். உலகம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 கோடி தொன் மணலையும் சரளையையும் அள்ளுகிறது என ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு கூறுகிறது. நீருக்கு அடுத்தபடியாக மனிதன் மிகுதியாக எடுப்பது இதுவே.

நமக்கு மணலைத் தருவது மகாவலி கங்கை. 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவிலே கலக்கும் பேராறு அது. மலைநாட்டை அரித்து, அரித்த மணலைக் காலங்காலமாக நம் வாயிலிற் கொண்டுவந்து சேர்த்தது. 1970-களிலும் 1980-களிலும் அதன் குறுக்கே பொல்கொல்லை, கொத்மலை, விக்ரோறியா முதலிய அணைகள் எழுந்தன. அவை நீரைத் தேக்கின. நீரோடு வரும் மணலையும் தேக்கின. ஆகவே வரவு குறைந்தது. வீடுகளும் வீதிகளும் பெருகியதனாற் செலவு கூடியது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் கதி என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மணல் அளவு மீறி அள்ளப்படும்போது ஆற்றின் அடி தாழும், கரை இடியும், கடல்நீர் உள்ளே ஏறும். நல்ல தண்ணீர்க் கிணறு உவர்க்கும். உவர்நீர் பாய்ந்த வயல் விளையாது.

மணல் எடுப்பதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும் என்பது சட்டம். ஆனால் இரவோடிரவாக மணல் ஏற்றுகின்ற கூலியாள், தன் பிள்ளையின் சோற்றுக்காகவே அதைச் செய்கிறான். அவனுக்கு வேறு தொழில் காட்டாமல் அவனை மட்டும் தண்டிப்பதால் ஆறு பிழைத்துவிடாது. மணலை வாங்குகின்ற நாமும் அதற்குப் பொறுப்பாளிகளே.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலாவது, பழுதுபார்க்கக்கூடியதை இடியாதிருத்தல். இரண்டாவது, தேவைக்கு மேற்பட்ட பெரிய வீட்டை விரும்பாதிருத்தல். அயலானுக்குக் காட்டுவதற்காகக் கட்டிய அறை எப்பொழுதும் பூட்டியே கிடக்கும். மூன்றாவது, மண்ணோடு பத்திலொரு பங்குக்கும் குறைந்த சீமெந்தைக் கலந்து அழுத்திச் செய்யும் மண்கற்களைப் பயன்படுத்தல். அவை சூளைக்கு விறகு கேட்பதில்லை. நல்ல அத்திவாரமும் அகன்ற தாழ்வாரமும் இருந்தால் மழையையும் தாங்கும். நான்காவது, கல்நார்த் தகடுகளைத் தவிர்த்துக் களிமண் ஓட்டை நாடுதல். கல்நார்த் தூசு புற்றுநோயைத் தரும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஏற்கெனவே அத்தகட்டை இட்டவர்கள் அதை உடைக்காமலும் அறுக்காமலும் வைத்திருத்தல் நன்று.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணாக்கரிடம், தத்தம் வீட்டுச் சுவரையும் கூரையையும் தரையையும் பார்த்து, ஒவ்வொரு பொருளும் எந்த ஊரிலிருந்து வந்தது, அதை எடுத்த இடம் இப்போது எப்படியிருக்கிறது என எழுதிவரச் சொல்லுங்கள். மேசனிடமும் தச்சரிடமும் பாட்டனாரிடமும் கேட்டறியட்டும். புவியியலும் இரசாயனமும் வரலாறும் அவ்வொரு பயிற்சியிலே ஒருங்கே அடங்கும். நாளைக்கு வீடு கட்டப்போகிறவர்கள் அப்பிள்ளைகளே. எடுப்பதற்கும் அளவு உண்டு என்பதை இளமையிலே அறிந்தவர்கள், ஆற்றையும் கடலையும் வறியவையாக்காமற் கட்டுவார்கள்.