எந்த ஊர்?

புதியவர் ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது, "எந்த ஊர்?" ஒரே ஊர்ப்பெயரில் விடைசொல்ல முடியாதவர்களும் உண்டு. புனித பவுல் அப்படிப்பட்டவர்.

எருசலேம் கோவிலருகே மக்கள் அவரை அடித்துக் கொல்லப் பார்க்கிறார்கள். மீட்க வந்த ஆயிரத்தவர் தலைவர், எகிப்தியக் கலகக்காரன் என்று நினைக்கிறார். பவுல் பேசியதோ கிரேக்கம்! பிறந்தது இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள தர்சு நகரில். படித்தது எருசலேமில், கமாலியேலின் காலடியில். இனத்தால் யூதர், பிறப்பிலேயே உரோமைக் குடிமகன். அந்தத் தலைவரே பெருந்தொகை கொடுத்துத்தான் அக்குடியுரிமையை வாங்கினாராம்! அந்தியோக்கியா, கொரிந்து, எபேசு என்று நடந்த நடை வேறு.

படிக்கட்டில் நின்று அவர் எபிரேயத்தில் பேசத் தொடங்கியதும் கூட்டம் அடங்குகிறது. பிறந்த ஊர், ஆசிரியர், தமஸ்கு வழி எல்லாவற்றையும் கேட்கிறார்கள். பிற இனத்தாரிடம் ஆண்டவர் தம்மை அனுப்பினார் என்றாரே, அந்த இடத்தில்தான் கூச்சல் கிளம்பியது (திருத்தூதர் பணிகள், அதிகாரம் 22). தர்சில் பிறந்தவரைப் பொறுத்துக்கொண்டார்கள். வேற்றினத்தாருக்கும் கடவுளிடம் பங்கு உண்டு என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நம் பங்குகளிலும் ஞாயிறு திருப்பலியில், கடைசி வரிசையில், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்களைப் பார்க்கிறோம். தமிழ்ச் செபத்தோடு உதடுகளில் அவர்கள் மொழி. ஊர்ப்பெயரைக் கேட்டுத் தலையசைக்கிறோம். அதற்கு மேல்? வரும் அன்பியக் கூட்டத்துக்கு அவர்களை நம்மில் யார் அழைக்கப்போகிறோம்?