கண்ணாடிப் பெட்டிக்குள் நம் குழந்தை



தோட்டத்தில் ஒரு வீட்டில் பிரசவம் என்றால் லயமே மகிழ்கிறது. ஆனால் எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, "குழந்தை பிறந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள்" என்று செய்தி வந்தால் வீடே கலங்கிவிடுகிறது. "கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்களாம். இனி டாக்டர் பாடு, ஆண்டவன் பாடு. நமக்கு அங்கே என்ன வேலை?" என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம். பெற்றோருக்கு அங்கே வேலை இருக்கிறது. வேறு யாராலும் செய்ய முடியாத வேலை.

முதலில், அங்கே என்ன காண்போம்? 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. அதன் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. ஆகவே உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. அதற்குத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டி. நுரையீரல் முற்றாததால் மூக்கில் காற்றுக் குழாய் இருக்கலாம். சில குழந்தைகளுக்குச் சுவாச இயந்திரமே வேண்டியிருக்கும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒருசேரச் செய்யும் திறமை ஏறத்தாழ 34 வாரத்தில்தான் வருகிறது. அதுவரை மெல்லிய குழாய் வழியே வயிற்றுக்குப் பால் செல்லும். மார்பில் ஒட்டியிருக்கும் கம்பிகள் குழந்தைக்கு எதையும் செலுத்துவதில்லை. இதயத் துடிப்பையும் மூச்சையும் கணக்கெடுப்பவை அவை. மணி ஒலித்தால் பதற வேண்டாம். கம்பி நழுவினாலும் ஒலிக்கும். தாதியர் வந்து பார்ப்பார்கள்.

மஞ்சள் காமாலை கண்ட குழந்தையைக் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் வைத்திருப்பார்கள். அந்த ஒளி மஞ்சளைக் குறைக்கும் மருந்து. முதல் சில நாள்களில் எடை குறைவதும் உண்டு. அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிவிடும்.

இனி நம் வேலையைப் பார்ப்போம். முதல் வேலை தாய்ப்பால். குழந்தை உறிஞ்ச முடியாவிட்டாலும், பிறந்த 6 மணி நேரத்துக்குள் பாலைப் பீய்ச்சி எடுக்கத் தொடங்க வேண்டும். இரவையும் சேர்த்து நாளொன்றுக்கு 8 தடவையாவது எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். முதலில் வரும் சீம்பால் சில சொட்டுகளே இருக்கும். "இது போதாதே" என்று கொட்டிவிடாதீர்கள். கிருமியை எதிர்க்கும் சக்தி அதில் இருக்கிறது. குறைமாதக் குழந்தையின் குடலைத் தாக்கும் கொடிய நோயையும் தாய்ப்பால் பெரிதும் தடுக்கிறது. பாலை எதில் எடுப்பது, எப்படிக் குளிர்ச்சியாகக் கொண்டுவருவது என்பதைத் தாதியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை அணைப்பு. 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், சூட்டுப் பெட்டிகள் போதாத நிலையில், எட்கர் ரேய் என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பதைப் போன்றது அது. 2022ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கு இதனைப் பிறந்த பின் கூடிய விரைவில் தொடங்கும்படி பரிந்துரைத்தது. மருத்துவர் அனுமதித்ததும் தயங்காமல் அணைத்துக்கொள்ளுங்கள். தகப்பனாரும் அணைக்கலாம், ஆண்பிள்ளைக்கு இதில் வெட்கமென்ன?

மூன்றாவது வேலை சுத்தம். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே போக வேண்டாம்.

பாட்டிமாருக்கும் ஒரு வார்த்தை. "பச்சை உடம்புக்காரி, பத்திய நாளில் வெளியே போகலாமா?" என்று நீங்கள் தடுப்பது மகள்மேல் உள்ள பாசத்தால்தான். ஆனால் முப்பது நாள் கழித்துப் போனால் பால் வற்றிவிடும். மருத்துவர் சம்மதித்தால் அவளைத் துணையோடு அனுப்பிவையுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொடுங்கள். அதைவிடப் பெரிய பத்தியம் இல்லை.

நேயர்களே, எல்லாக் குழந்தையும் பிழைக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நேற்றுத் தேறியது இன்று மீண்டும் சோர்வதும் உண்டு. மனத்தில் உள்ளதைக் கேளுங்கள். "என் குழந்தைக்கு இன்று எப்படி இருக்கிறது? என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, மொழி புரியாவிட்டால் தமிழ் தெரிந்தவரை அழைத்துத் தரச் சொல்லுங்கள். ஆனால், "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டுத் தூக்கிவந்துவிடாதீர்கள். குறைமாதக் குழந்தை தூக்கத்திலேயே மூச்சை மறந்துவிடும். லயத்து வீட்டில் அதை எச்சரிக்க மணி இல்லை.

தானாக மூச்சுவிட்டு, சூட்டைக் காத்து, பாலைக் குடித்து எடை கூடினால் வீட்டுக்கு விடுவார்கள். பெரும்பாலும் அது பேறுகாலமாகக் குறித்திருந்த நாளை ஒட்டியே அமையும். அதன்பின் கண் பரிசோதனை, காது பரிசோதனை, தடுப்பூசி ஆகியவற்றுக்குக் குறித்த தேதிகளைச் சம்பள நாளைப்போல் நினைவில் வையுங்கள்.

பெட்டி கண்ணாடியால் ஆனது. ஆனால் அதற்குள் இருப்பது நம் பிள்ளை. அருகில் போய் நின்று மெல்லப் பேசுங்கள். கருவிலேயே கேட்டுப் பழகிய குரலை அது அறியும்.