வீல்சேரைத் தள்ளுவதும் வண்டியில் ஏற்றுவதும்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், குடியிருப்பாளரான இயன்முறை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மூன்று பிளாக்கிலும் சேர்த்து இப்போது நான்கு வீல்சேர் இருக்கின்றன. தள்ளுகிறவர்கள் வீட்டுப் பெண்கள், லீவில் வரும் பிள்ளைகள், சில நேரம் வாட்ச்மேன் அண்ணன். நாற்காலி வாங்கும்போது கடைக்காரர் மடக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். மற்றதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் பிரேக். அது ஓடும் வண்டியை நிறுத்துவதற்கல்ல, நின்ற வண்டி நகராமல் இருப்பதற்கு. டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்றடிக்கும் டயராக இருந்து காற்று குறைந்தால் பிரேக் போட்டும் நாற்காலி நழுவும். ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பக்கமும் போடுங்கள், கால் வைக்கும் தட்டை மேலே மடக்குங்கள். தட்டின் மேல் நின்று எழுந்தால் நாற்காலி முன்பக்கம் கவிழும். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால், ஆள் எழுந்ததும் பின்பக்கம் சாயும். சேலைத் தலைப்பும் வேட்டி நுனியும் சக்கரத்தில் சிக்காமல் மடியில் சொருகிவிடுங்கள்.

சரிவில் ஏறும்போது முன்னோக்கித் தள்ளலாம். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுகிறவர் பின்னோக்கி நடந்து, பெரிய சக்கரம் முதலில் இறங்க வேண்டும். ஒற்றைப் படிக்கும் அப்படித்தான். முன்பார்த்து இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் வழுக்கி முன்னால் விழுவார்.

இங்கே நம் பி பிளாக் சாய்தளத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 1:12 சரிவு கேட்கின்றன. நம் வாசலில் ஆறு அங்குலத்தில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். அதற்கு 18 அடி நீளம் வேண்டும். இருப்பது ஏழு அடி. அதன் எதிரிலும் இரண்டு பைக் நிற்கிறது. விசிட்டர் பார்க்கிங்கில் ஒரு கார் இடத்தை விட்டுக்கொடுத்தால் 'ட' வடிவில் நீட்டலாம். இன்று ஓட்டுக்கு வரும் தீர்மானம் இதுதான். என் ஓட்டு எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வண்டி. நாமக்கல் நமக்குப் பக்கம். அங்கே முட்டை லோடு ஏற்றினால்கூடக் கயிறு கட்டாமல் கிளம்ப மாட்டார்கள். ஆனால் வேனில் வீல்சேரோடு ஆளை ஏற்றி, பக்கத்தில் ஒருவர் கையால் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சடன் பிரேக் போட்டால் எந்தக் கையும் தாங்காது. நம் வீடுகளில் உள்ள சாதாரண நாற்காலி ஓடும் வண்டியில் உட்காருவதற்குச் செய்யப்பட்டதல்ல. முடிந்தவரை ஆளைக் கார் சீட்டுக்கு மாற்றி சீட் பெல்ட் போடுங்கள். முடியாதவர்களுக்கு, நாற்காலியை முன்பார்த்து நிறுத்தி, நான்கு மூலையிலும் சட்டத்தைத் தரையோடு பட்டையால் இறுக்கும் வசதியுள்ள வண்டி வேண்டும். சக்கரத்தில் கட்டக்கூடாது. ஆளுக்குத் தனி பெல்ட் வேண்டும்.

காருக்கு மாற்றும்போது முன்சீட்டை முழுக்கப் பின்னே தள்ளுங்கள். நாற்காலியைச் சற்றுச் சாய்வாக ஒட்டி நிறுத்துங்கள். முதலில் இடுப்பு சீட்டில் உட்காரட்டும், பிறகு கால்களை உள்ளே எடுத்து வையுங்கள். கூரை விளிம்பில் தலை இடிக்காமல் உங்கள் கை அங்கே இருக்கட்டும். கால் டாக்ஸி கூப்பிடும்போது டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இருந்தால் நாற்காலி நுழையாது, வாசலில் நின்று சண்டை போடத்தான் நேரம் சரியாக இருக்கும்.

மடக்க, மெத்தையை எடுத்துவிட்டு சீட் துணியை நடுவில் பிடித்து மேலே இழுங்கள். விரிக்கும்போது உள்ளங்கையால் சீட் குழாயை அழுத்துங்கள். விரல்களைக் குழாயைச் சுற்றி வைத்தால் நசுங்கும். கழற்ற முடிந்த பாகங்களைத் தனியாகக் கழற்றி டிக்கியில் வையுங்கள், சீட்டின் மேல் போடாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி. 2025-இல் 'ஒய்.டி. ஒன்' என்ற 9 கிலோ நாற்காலியை வெளியிட்டது. நம்மிடம் இருக்கும் இரும்பு நாற்காலி 17, 18 கிலோ வரும். தூக்க இரண்டு பேராகப் போங்கள், முதுகு உங்களுடையது.

சேலம் வெயிலையும் சொல்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் நாற்காலியை வெளியில் நிறுத்தி வைத்தால் ரெக்சினும் இரும்பும் கொதிக்கும். தண்டுவடம் பாதித்தவருக்குக் காலில் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உட்காரவைக்கும் முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். அதே காரணத்தால்தான் அரை மணிக்கு ஒருமுறையாவது இடுப்பைத் தூக்கியோ சாய்த்தோ இடம் மாற்றச் சொல்கிறோம். படுக்கைப்புண் நாற்காலியிலும் வரும்.

கடைசியாக, கரண்ட் போய் லிஃப்ட் நின்றால் அவசரப்படாமல் ஜெனரேட்டருக்குக் காத்திருங்கள். தீ என்றால் லிஃப்ட் கூடாது. படியில் இறக்க, பலசாலி ஒருவர் பின்னால் கைப்பிடியைப் பிடித்து நாற்காலியைப் பின்சாய்க்க வேண்டும். இன்னொருவர் முன்னால் ஆளைப் பார்த்தபடி நின்று சட்டத்தைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பெரிய சக்கரத்தில் உருட்டி இறக்க வேண்டும். கைதாங்கியையோ கால்தட்டையோ பிடித்தால் அது கழன்று கையோடு வரும். இதைப் பழகிப் பார்க்க ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு இளைஞர்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.