பதினோரு ஒற்றுகள்



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இணையத்தில் தமிழ் எழுதுவோம்’. கொடுத்த நேரம் இருபது நிமிஷம். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அந்த இருபது நிமிஷத்தை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று பார்த்தீர்கள். நானும் அவர்கள் வழியில்தான் போகப்போகிறேன். சிரிக்காதீங்க, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நான் தபால்காரன். இந்த மொடக்குறிச்சி வட்டாரத்தில் 34 வருஷம் சைக்கிள் மிதித்தவன். உங்களில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன், மீதிப் பேருக்கு வக்கீல் நோட்டீஸ். அந்த மூலையில் ஒருத்தர் தலையைக் குனிகிறார், அவருக்கு இரண்டும் கொடுத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் கொடுத்த என் பெயருக்கு அத்தனை வருஷத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு கடுதாசி வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு வந்தது, ஒரே ஒரு படம் போட்ட தபாலட்டை. நாலு கட்டுரை எழுதினதற்குக் கூலி! என் இடத்துக்கு வந்த பையன் அட்டையை முன்னும் பின்னும் படித்து முடித்துவிட்டுத்தான் கையில் கொடுத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் படித்தவன்தானே.

விஷயம் இதுதான். தமிழ் விக்கிப்பீடியா என்று ஒன்று இருக்கிறது, கைப்பேசியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் வருஷா வருஷம் நவம்பரில் ‘ஆசிய மாதம்’ என்று ஒரு எழுத்துச் சவால் வரும். சொந்த நாட்டை விட்டுவிட்டு மற்ற ஆசிய நாடுகளைப் பற்றி எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டுரையும் 300 சொல்லுக்குக் குறையக் கூடாது. நான் சேர்ந்தபோது நாலு தேறினால் தபாலட்டை வந்தது. 2018-இல் பேத்திதான் தமிழ்த் தட்டச்சைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்து, “தாத்தா, தபாலட்டை தர்றாங்களாம்”னு சொன்னாள். பணம் என்று சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். தபாலட்டை என்றதும் எனக்குக் கை பரபரத்துவிட்டது.

எதை எழுதுவது? தெரிந்த தொழிலைத்தான் எழுதணும். பூட்டான் நாடு 1972-இல் ஒரு தபால்தலை வெளியிட்டது. என்ன தபால்தலை தெரியுமா? பாடுகிற தபால்தலை! அச்சாக ஒரு சின்ன இசைத்தட்டு. பின்னால் பசை, முன்னால் வரி வரியாகக் காடி. கடிதத்தில் ஒட்டலாம், உரித்து இசைத்தட்டுப் பெட்டியில் வைத்தால் அந்த நாட்டு தேசிய கீதம் பாடும், நாட்டுப் பாட்டு பாடும், ஒன்றில் பூட்டானின் வரலாற்றையே சொல்லும். நம்ம ஆட்கள் வந்த தபால்தலையை வெந்நீரில் ஊறவைத்து மறுபடி ஒட்டுகிறவர்கள். அவர்கள் பாடவைத்தார்கள். தட்டுங்க, பூட்டானுக்கு நம்ம ஊரில் யார் தட்டப்போகிறார்கள்.

ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு விரலால் 312 சொல் அடித்தேன். விடிந்து எழுந்து பார்க்கிறேன், யாரோ என் கட்டுரையில் கை வைத்திருக்கிறார்கள்! எனக்கு வந்ததே கோபம். பேத்தி ‘பக்க வரலாறு’ என்று ஒன்றைத் திறந்து காட்டினாள். யார், எந்த நேரத்தில், எந்த எழுத்தைத் தொட்டார் என்று அத்தனையும் பதிவாகியிருக்கும், எங்கள் காலத்துப் பதிவுத் தபால் மாதிரி. அதில் சிவப்பில் ‘−66’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் காரணம் ஒரே சொல்: ‘ஒற்று’.

நான் ‘தபால்தலைப் பற்றி’, ‘தபால்தலைப் பற்றி’ என்று பதினோரு இடத்தில் அடித்திருக்கிறேன். ‘தபால்தலை பற்றி’ என்று வரணுமாம், அங்கே ‘ப்’ மிகாதாம். இதோ முன்வரிசையில் தமிழாசிரியர் தலையாட்டுகிறார். இப்போது ஆட்டி என்னங்கய்யா, எட்டாம் வகுப்பில் சொல்லியிருக்கலாமே! ஒரு ‘ப்’ கணினிக் கணக்கில் ஆறு பைட்டாம். பதினோரு ‘ப்’, அறுபத்தாறு. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார் மனுஷர். எடுத்துவிட்டு என் பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதி வைக்கிற பக்கத்தில், ஒரு குறிப்பு: ‘வணக்கம் ஐயா. அருமையான தலைப்பு. இன்னும் மூன்று எழுதினால் அட்டை உங்களுக்கு. எழுதுங்கள், பிழை இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.’

அந்த மனுஷர் ஆணா பெண்ணா, எனக்குத் தெரியாது. இருபது வயசா எழுபது வயசா, தெரியாது. திருநெல்வேலியா திருகோணமலையா, அதுவும் தெரியாது. அங்கே அவருக்குப் புனைபெயர்தான். அந்தப் புனைபெயரையும் மேடையில் சொல்ல வேண்டாம் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார், அதனால் சொல்ல மாட்டேன். அவரிடம் திரும்பி வருகிறேன்.

இந்த மண்ணுக்குக் கலைக்களஞ்சிய வேலை புதுசு இல்லீங்க. இங்கிருந்து சைக்கிள் மிதித்தால் எட்டுகிற மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர் பெரியசாமித் தூரன். தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் போட்டபோது முதன்மைப் பதிப்பாசிரியராக உட்கார்ந்தவர். முதல் தொகுதி 1954, பத்தாவது 1968. கணினி இல்லை, இணையம் இல்லை, அவ்வளவும் கையெழுத்து, ஈய எழுத்து, மெய்ப்பு! அதற்கப்புறம் 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தபோது, யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர் மயூரநாதன், வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஏறத்தாழ ஒரு வருஷம் தனி ஆளாகக் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். கனடாவில் இயல் விருது கொடுத்தார்கள், நாம் இங்கே ஒரு துண்டு போர்த்தியிருப்போமா? 2017-இல் லட்சம் கட்டுரையைத் தாண்டியது, இன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேலே. சம்பளம் ஒரு பைசா கிடையாது, எழுதுகிற யாருக்கும்.

அப்படி இருக்க, இதே ஜில்லாவில் ஒரு விழா மேடையில் ஒரு பெரிய மனுஷர் பேசுகிறார். பெயர் வேண்டாம். பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் மூன்று பட்டம், நடுவில் பெயரைத் தேடித்தான் எடுக்கணும். “விக்கிப்பீடியாவா? கண்டவன் கிறுக்குகிற சுவர்!” என்றார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். கண்டவனில் நானும் ஒருத்தன். சரி, போகட்டும் என்று விழா மலரை வாங்கிப் புரட்டினேன். அதில் அவர் கட்டுரை, தூரனைப் பற்றி. படிக்கிறேன். ‘இளமைக் காலம்’ என்று துணைத்தலைப்பு. அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது? ‘தொகு’!

தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு துணைத்தலைப்புக்குப் பக்கத்திலும் ‘தொகு’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால் திருத்தலாம். இவர் அப்படியே வழித்து எடுத்ததில் பொத்தானும் சேர்ந்து வந்துவிட்டது! ‘கல்வி, தொகு’. ‘இசைப்பணி, தொகு’. ‘விருதுகள், தொகு’. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், “தொகு என்றால் சங்க இலக்கியத்தில் ஏதோ இருக்கும்போல, ஆழமான கட்டுரை” என்கிறார். அதோடு விட்டாரா? நாலாம் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று இருக்கிறது. நாங்கள் போட்டது! அவர் சொந்தக் கட்டுரையிலேயே அவருக்குச் சான்று தேவைப்படுகிறது! ஆயிரம் பிரதி, ஆர்ட் பேப்பர். எழுத்தெண்ணிப் படித்தவர்களாம் இவர்கள். எண்ணியவர் எண்ணியிருந்தால் அந்த இரண்டெழுத்தை எடுத்திருக்க மாட்டாரா? பதினோரு ‘ப்’பைப் பொறுக்கி எடுத்த என் மனுஷர் எங்கே, இரண்டெழுத்து கண்ணில் படாத இவர் எங்கே?

எடுத்தது குற்றமும் இல்லீங்க. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமம் கொடுத்துத்தான் எழுதுகிறோம். எங்கிருந்து எடுத்தேன் என்று ஒரு வரி போடணும். அந்த ஒரு வரிக்கு மனசு வரவில்லை.

சோடா கொடுத்ததற்கு நன்றி. எங்கே விட்டேன்? ஆமா, போட்டி. 2018-இல் இந்திய மொழிகளுக்குள்ளே ‘வேங்கைத் திட்டம்’ என்று ஒரு எழுத்துப் போட்டி நடந்தது. பஞ்சாபிக்காரர்கள் முதலிடம், நாம் இரண்டாமிடம். விடுவோமா? அடுத்த சுற்று 2019 அக்டோபரில் தொடங்கி 2020 ஜனவரியில் முடிந்தது. முதலிடம் யார்? தமிழ்! இன்னும் பலமாகத் தட்டலாம், அதில் என் கட்டுரை ஒன்பது இருக்கிறது. அந்த மூன்று மாதமும் ‘ஆலமரத்தடி’யில் திருவிழாதான். விக்கிப்பீடியாவில் கூடிப் பேசுகிற இடத்துக்கு அதுதான் பெயர், எவ்வளவு நல்ல பெயர் பாருங்கள். ஒருத்தர் படம் தேடித் தருவார், ஒருத்தர் சான்று தருவார், புதுசாக வந்தவர் தப்பாக எழுதினால் ‘மணல்தொட்டியில் எழுதிப் பழகுங்கள்’ என்று கைபிடித்துக் கூட்டிப்போவார்கள். சண்டையும் உண்டு. ஊர்ப்பெயரில் ‘ர’வா ‘ற’வா என்று மூன்று நாள் நடந்த சண்டையை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பெருந்தொற்று வந்தது. ஊரே அடைத்துக் கிடந்த 2020-இல் நான் ஒரு கிறுக்கு வேலையில் இறங்கினேன். நூறு நாள் சவால். பல்கேரியாவில் வாசியா அதனசோவா என்கிற அம்மா 2015-இல் தொடங்கிவைத்தது. நாளுக்கு ஒரு புதுக் கட்டுரை, நூறு நாள், இடையில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து. நான் சொல்கிறேன், சபரிமலை விரதம் இதைவிடச் சுலபம்.

அறுபத்து மூன்றாம் நாள். வீட்டுக்காரிக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உள்ளே விடவில்லை. நடையில் ஒரு இரும்புப் பெஞ்சு, பக்கத்தில் கை கழுவுகிற குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி 11.45. கைப்பேசியில் ஒன்பது சதவீதம். பையனைச் சார்ஜர் எடுத்துவர வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வரி எழுதவில்லை. என் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: ‘இன்று முடியவில்லை. வீட்டில் உடல்நிலை சரியில்லை. நாளை முதல் மறுபடி ஒன்றிலிருந்து.’

இரண்டு நிமிஷத்தில் பதில். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘ஐயா, விக்கியின் கடிகாரம் உலக நேரப்படி ஓடுவது. நமக்கு விடிகாலை ஐந்தரைக்குத்தான் அங்கே நாள் மாறும். இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம் இருக்கிறது. அம்மாவைப் பாருங்கள். சார்ஜ் கிடைக்கும்போது ஆறு வரி எழுதுங்கள், சான்று நான் தேடி வைக்கிறேன்.’

மணியார்டர் பற்றி ஆறு வரி எழுதினேன். விடிகாலை நாலரை மணி. சொன்னபடி சான்று தயாராக இருந்தது. அப்படியென்றால் அந்த மனுஷரும் தூங்கவில்லை. வீட்டுக்காரி பிழைத்து வந்துவிட்டாள், அதோ மூன்றாவது வரிசையில், நான் அதிகம் பேசுகிறேன் என்று முறைக்கிறாள். நூறு நாளும் முடித்தேன்.

2021 மே மாதத்துக்கப்புறம் அந்த மனுஷர் எழுதவில்லை. ஒவ்வொருவரும் செய்த திருத்தம் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகத் தெரியும். அவருடைய வரிசையில் மேலே நிற்பது ஒரு மே மாதத் தேதி. ஊர் தெரிந்தால் போய்ப் பார்த்துவிடுவேன். 34 வருஷத்தில் பாதி முகவரியோடு வந்த கடுதாசியையெல்லாம் ஆளைக் கண்டுபிடித்துச் சேர்த்தவன் நான். இந்த ஒருத்தருக்கு என்னிடம் பாதி முகவரிகூட இல்லை.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். இன்னும் ஒரே நிமிஷம். போன வாரம் அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். கட்டுரையில் வேண்டுமென்றே பிழை விடுவது பாவம், பேச்சுப் பக்கத்தில் விடலாம். ‘புதிதாகத் தபால்தலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன்’ என்று எழுதி, அந்த ‘ப்’பை அழுத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இங்கே தமிழாசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், வீட்டுக்குப் போய்த் தேடுவீர்கள், எனக்குத் தெரியும். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அதை மட்டும் யாரும் திருத்திவிடாதீர்கள்.