20 சென்டிமீட்டர் சீ ஹாரியர்

இன்னிக்கு ஒரு போர் விமானத்தைப் பத்திப் பேசப்போறேன். நிஜத்துல அது சுமார் 14.5 மீட்டர் நீளம். என் மேசை மேல இருக்கிறது 20 சென்டிமீட்டர். 72-ல் ஒரு பங்கு அளவு பிளாஸ்டிக் மாடல். இந்தியக் கடற்படையின் சீ ஹாரியர்.

"பொம்மைதானே, இதுக்கு எதுக்கு ரெண்டு மாசம்?"னு வீட்டுல கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல்ல விமானம். இதோட பெகாசஸ் எஞ்சினில் பக்கத்துக்கு ரெண்டா நாலு குழாய்வாய் இருக்கு. நாலும் திரும்பும். கீழ்நோக்கித் திருப்பினா விமானம் அந்தரத்துல நிக்கும், அப்படியே செங்குத்தா இறங்கும். கிளம்புறதுக்கு ஐ.என்.எஸ். விராட் கப்பலின் முன்முனையில் 12 டிகிரி சாய்வு மேடை இருந்தது. அதுல ஓடி, எகிறிப் பறக்கும். 1983-ல் இந்தியாவுக்கு வந்த இந்த விமானங்கள் 2016-ல் ஓய்வு பெற்றன.

இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சதுதான். ஆனா கையில செய்யும்போது வேற மாதிரி புரியுது. உதாரணத்துக்கு, ஹாரியர் காற்றை உள்ளிழுக்கிற வாய் ரொம்பப் பெரிசு. எஞ்சின் விசிறி வெளியிலிருந்தே தெரியும். அதனால உடம்போட ரெண்டு பாதியையும் ஒட்டுறதுக்கு முன்னாடியே விசிறிக்கும் விமானி அறைக்கும் பெயிண்ட் அடிச்சிடணும். மூடிட்டா பிரஷ் உள்ளே போகாது.

அடுத்து சக்கரம். பெரும்பாலான ஜெட்டுகள் மூணு கால்ல நிக்கும். இதுக்கு உடம்புக்கு நடுவுல முன்னும் பின்னுமா ரெண்டு, இறக்கை நுனிப் பக்கம் ஒல்லியா ரெண்டு. ஏன்? நடுவுல எஞ்சினும் குழாய்வாய்களும் இடத்தை அடைச்சுக்குது. மாடல்ல இந்த நாலும் ஒரே சமயத்துல தரையைத் தொடணும். கொஞ்சம் பிசகினாலும் ஒரு கால் தொங்கும். இதுக்கான சிமெண்ட் சாதாரணப் பசை இல்ல. பிளாஸ்டிக்கை லேசா கரைச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்த்துடும். அது இறுகுறதுக்குள்ள, கண்ணாடித் துண்டு மேல நிக்க வெச்சு நேர் பண்ணிடணும்.

அப்புறம் வண்ணம். இங்கதான் ஒரு முடிவு எடுக்கணும்: எந்த வருஷத்து விமானம்? 1982 ஃபாக்லாந்து போருக்குப் போன பிரிட்டிஷ் சீ ஹாரியர்களோட வெள்ளை வயிறு மேல அடர் சாம்பல் பூசிட்டாங்க, எதிரி கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு. நமக்கு வந்தவை மேலே அடர் சாம்பல், கீழே வெள்ளை. பிற்காலத்துல சாம்பலாவே மாறிடுச்சு. நான் தேர்ந்தெடுத்தது அந்த முதல் வெள்ளை வயிறு.

டெக்கால் ஒட்டுறதுக்கு முன்னாடி பளபளப்பு வார்னிஷ் அடிக்கணும். சொரசொரப்பான பரப்புல ஒட்டினா அடியில காற்று மாட்டி வெள்ளி மாதிரி மின்னும். எல்லாம் ஒட்டி முடிச்சதும் மேலே மேட் வார்னிஷ். 300-ஆம் படைப்பிரிவின் வெள்ளைப் புலிச் சின்னத்தை இடுக்கியால நகர்த்தி வைக்கிறப்போ மூச்சையே அடக்கிக்கிட்டேன்.

இப்போ வீட்டுல கேட்ட கேள்விக்கு வரேன். விராட் 2017-ல் ஓய்வு பெற்றது. அருங்காட்சியகமா மாத்தலாம்னு பல வருஷம் பேச்சு நடந்தது. கடைசியில 2020-ல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு இழுத்துட்டுப் போய் உடைச்சாங்க. அந்தச் சாய்வு மேடை இப்போ எங்கேயும் இல்ல. கோவாவுல இருக்கிற கடற்படை விமான அருங்காட்சியகத்துல ஒரு சீ ஹாரியரைப் பார்க்கலாம், ஆனா அது பறக்காது. நம்ம வயசுக்காரங்க நிறைய பேர் இது பறந்து பார்த்ததே இல்ல. ஒவ்வொரு துண்டையும் "இது ஏன் இங்க இருக்கு?"ன்னு கேட்டுக் கேட்டு ஒட்டுறதுதான், அதைத் தெரிஞ்சுக்க எனக்குக் கிடைச்ச வழி. அதுக்கு ரெண்டு மாசம் அதிகம் இல்ல.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா, சின்ன கிட் போதும். ஏர்பிரஷ் அப்புறம் வாங்கிக்கலாம். ஒரு நல்ல நிப்பர், உப்புத்தாள், சிமெண்ட், ரெண்டு பிரஷ். வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வைங்க, சிமெண்ட் வாசனை தலைவலி தரும். என்ன விமானம் எடுத்தீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.