களவுபோன வீட்டுக்குக் கள்ளன் திரும்பி வருவான்

(எமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தைத் தொடர்ந்து நடந்த கருத்தரங்கில் ஆற்றிய உரை. பேச்சுநடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



"பொலிசும் குற்றத்தடுப்பும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைப்பை அறிவித்தவுடனேயே பின்வரிசையில் இரண்டு பேர் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனதைக் கண்டேன். பரவாயில்லை. வடை முடியமுதல் நானும் முடித்துவிடுவேன். நான் பொலிஸ்காரனும் அல்ல, ஆராய்ச்சியாளனும் அல்ல. பல வருடங்கள் மொழிபெயர்ப்பாளனாகப் பொலிஸ் நிலையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் போய்வந்தவன். அங்கே கண்டதும், பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்ததும்தான் என்னுடைய கையிருப்பு.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லவேணும். 1996ஆம் ஆண்டு. கிழக்கு லண்டனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு சாமத்தியவீட்டுக்குப் போய் இரவு 11 மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால், பின்பக்கத்துக் குசினிக் கதவு திறந்து கிடக்கிறது. மனைவி போட்டுக்கொண்டு போன நகை தப்பிவிட்டது. அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் வைத்த மகளின் காப்பும் சங்கிலியும், அரிசி வாளிக்குள் வைத்த சீட்டுக்காசும் போய்விட்டன. அரிசிக்குள் காசு இருக்கும் என்று கள்ளனுக்கு எப்படித் தெரிந்ததோ, அது இன்றைக்கும் எனக்கு விளங்காத விசயம்.

நாங்கள் பொலிசுக்கு அறிவிக்கவில்லை. என்னுடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பொலிசில் பேர் பதிந்தால் ஹோம் ஒபிசுக்குப் போகும், வழக்குப் பழுதாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். சீட்டுக்காசுக்குக் கணக்குக் கேட்பார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அதைவிடப் பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே மனைவிக்குக் கை நடுங்கும். நானும் உடைந்த கதவுக்கு ஒரு பலகையை அடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு வீடு தள்ளி இருந்த எங்கட ஆக்களுக்கும் சொல்லவில்லை. வெட்கம்.

பதினேழாம் நாள் மறுபடி வந்தார்கள். அதே கதவு. இந்த முறை ரி.வியும் வீடியோ டெக்கும் போனது. அடுத்த கிழமை, அந்த இரண்டு வீடு தள்ளி இருந்த அக்காவின் வீடு. அவ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவ. இயந்திரத்தில் நிற்கும்போது நகை போடக்கூடாது என்பதால் தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவா. அந்தக் கொடி போய்விட்டது. மனிசன் அப்போது விசாவுக்காகக் கொழும்பில் காத்துக்கொண்டு இருந்தவர். "அண்ணை, உங்கட வீட்டிலையும் இரண்டு தரம் களவு போனதாமே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று அவ வந்து கேட்டா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்கு நடந்தது விதி என்றுதான் நினைத்தேன். பல வருடத்துக்குப் பிறகுதான், இதை ஏற்கெனவே கணக்குப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தேன். மன்செஸ்டருக்குப் பக்கத்தில் ரொச்டேல் என்று ஒரு நகரம். அங்கே கேர்க்கோல்ற் என்ற குடியிருப்பில் 2,280 வீடுகள். களவு மிகக் கூடிய இடம். 1980களின் நடுப்பகுதியில் கென் பீஸ் என்ற ஆய்வாளரும் அவரது கூட்டாளிகளும் அங்கே போய், களவுபோன வீட்டுக்காரர், அயலவர், பிடிபட்ட கள்ளர் என்று எல்லோரிடமும் விசாரித்தார்கள். ஒருமுறை களவுபோன வீட்டில் மறுபடி களவு போகும் ஆபத்து மற்ற வீடுகளைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கண்டார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் புதினம் ஒன்றும் இல்லை. கள்ளனுக்கு வீட்டின் அமைப்புத் தெரியும், எந்தக் கதவு பழுது என்று தெரியும், காப்புறுதிக் காசில் புது ரி.வி வந்திருக்கும் என்றும் தெரியும்.

அங்கே அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா வீட்டையும் காவல் காக்கப் போகவில்லை. களவுபோன வீட்டுக்கு உடனே போய்ப் பூட்டை மாற்றினார்கள். காசு போட்டு ஓடும் மின்சார, காஸ் மீற்றர்களைக் கழற்றினார்கள். அந்த மீற்றருக்குள் இருந்த சில்லறைக்காகவே பல வீடுகள் உடைக்கப்பட்டன. பிறகு அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு அயலவரை அழைத்து, "இந்த வீட்டில் ஒரு கண் வைத்திருங்கோ" என்று சொன்னார்கள். மூன்று வருடத்துக்குள் அந்தக் குடியிருப்பில் வீட்டுக் களவு முக்கால்வாசி குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் இன்னொன்றும் சொல்லின. ஒரு வீட்டில் களவு போனால் அடுத்த சில கிழமைகளுக்குப் பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்துக் கூடுகிறது. அதாவது, நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை, அக்காவுக்கு உண்மையிலேயே உதவியிருக்கும்.

எங்கட சனம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பொலிஸ் ஏன் தெருவில் கார் ஓடித் திரியவில்லை? திரிந்தால் கள்ளன் வருவானோ?" இதற்கும் விடை தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் 15 பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். சிலவற்றில் ரோந்துக் காரை நிறுத்தி, அழைத்தால் மட்டும் போனார்கள். சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள். மிச்சத்தில் வழமைபோல் விட்டார்கள். குற்றத்தில் வித்தியாசம் இல்லை. அதைவிடச் சனத்துக்கு வித்தியாசம் தெரியவே இல்லை! சும்மா சுற்றித் திரிவதால் பலன் இல்லை என்று ஆகிவிட்டது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1989இல் லோரன்ஸ் ஷேர்மன் என்பவரும் கூட்டாளிகளும் மினியாப்பொலிஸ் நகரத்தில் பொலிசுக்கு ஒரு வருடத்தில் வந்த அழைப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். நகரத்து முகவரிகளில் வெறும் 3 வீதத்திலிருந்து அழைப்புகளில் பாதி வந்திருந்தது. ஒரு மதுக்கடை, ஒரு பஸ் தரிப்பு, ஒரு தெருமூலை, இப்படி. அந்த இடங்களில் பொலிஸ் அடிக்கடி வந்து பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால் குற்றம் குறைகிறது. கள்ளன் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவான் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை, பக்கத்துத் தெருவும் கொஞ்சம் அமைதியாகிறது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆனபடியால் "எங்கட தெருவில் பொலிசைக் காணேல்லை" என்று குறை சொல்வதைவிட, எந்த மூலையில் எத்தனை மணிக்குப் பிரச்சினை என்று எழுதிக் கொடுப்பதுதான் பலன். முறைப்பாடு இல்லாத தெரு அவர்களின் கணக்கில் அமைதியான தெரு.

இப்ப கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். நாங்கள் ஏன் அறிவிப்பதில்லை?

இங்குள்ள பொலிசை 1829இல் ரொபேர்ட் பீல் லண்டனில் தொடக்கியபோது சனத்துக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. இராணுவம் மாதிரித் தெரியக்கூடாது என்று சிவப்பு உடுப்பை விட்டு நீல உடுப்புக் கொடுத்தார்கள். துவக்குக் கொடுக்கவில்லை. குற்றத்தைத் தடுப்பதே முதல் வேலை என்று எழுதியும் வைத்தார்கள். அதே ஆங்கிலேயர் தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளுக்குக் கொண்டுபோனது பெரும்பாலும் வேறு மாதிரி: அயர்லாந்தில் வைத்திருந்த ஆயுதம் தாங்கிய பொலிஸ். சனத்தின் சேவகனாக இல்லாமல், அரசாங்கத்தின் கையாக இருக்கும் பொலிஸ். இலங்கையில் 1866இல் கேம்பல் என்ற வெள்ளைக்காரரின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட பொலிசும் அந்த வழியில் வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கை மாறவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவில் யார் தெருவில் நின்றார்கள் என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொலிஸ் நிலையத்துக்குள் போன பிள்ளை திரும்பி வருமோ என்று படலையில் நின்ற தாய்மார் இங்கேயும் இருக்கிறீர்கள். அந்தப் பயம் பைத்தியக்காரப் பயம் அல்ல. ஊரில் உயிரைக் காப்பாற்றிய பயம்.

இங்கத்தைப் பொலிசும் ஒன்றும் சுத்தத் தங்கம் இல்லை. 1993 ஏப்ரல் 22ஆம் திகதி எல்தமில் பஸ்சுக்கு நின்ற கறுப்பின மாணவன் ஸ்ரீபன் லோரன்ஸ் குத்திக் கொல்லப்பட்டான். விசாரணையைப் பொலிஸ் எப்படிக் குழப்பியது என்று 1999இல் மக்பேர்சன் அறிக்கை சொன்னது, நிறுவனத்துக்குள்ளேயே ஊறிய இனவாதம் என்ற சொல்லோடு. இரண்டு பேருக்குத் தண்டனை கிடைக்க 2012ஆம் ஆண்டு வரை, கிட்டத்தட்ட 19 வருடம் எடுத்தது. 2023இல் லூயிஸ் கேசி அம்மையாரின் அறிக்கையும் லண்டன் பொலிசைப் பற்றி அதே குற்றச்சாட்டைத் திரும்பச் சொன்னது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. மக்பேர்சன் விசாரணை வந்தது, அந்தப் பிள்ளையின் தாயும் தகப்பனும் விடாமல் முறையிட்டதால். அதனால் கிடைத்த நன்மை எங்களுக்கும் உண்டு. இன்றைக்கு உங்கள் கடையின் கண்ணாடியை ஒருவன் உடைத்தால், அது இனவாதச் சம்பவம் என்று நீங்கள் கருதினால், பொலிஸ் அதை அப்படியே பதியவேணும்.

என் சொந்த அனுபவத்தில் கண்டது: எங்கட ஆக்கள் பொலிஸ்காரருக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவார்கள். மரியாதைக்கு ஆட்டுகிற தலை, அங்கே வாக்குமூலமாகிவிடும். ஒரு வயதுபோன ஐயா, "உங்களை அடித்தவனை முன்பே தெரியுமா?" என்று கேட்டதற்கும் யெஸ் என்றார். பிறகு தெரிந்தவர்களுக்குள் நடந்த சண்டை என்று பதிந்துவிட்டார்கள். அதைத் திருத்த மூன்று மாதம் அலைந்தோம். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அது உரிமை, காசு இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதேயுங்கோ. வீட்டுக்குள் நடக்கும் அடிதடி என்றால் கட்டாயம் வேண்டாம்.

விசாப் பிரச்சினை உள்ளவர்களுக்கு நான் பொய் சொல்லமாட்டேன். அகதி வழக்கு நடக்கும்போது களவை முறையிட்டதற்காக வழக்கு மறுக்கப்படாது. 1996இல் எனக்கு ஒருவர் சொன்னது பிழை. ஆனால் விசாவே இல்லாதவரின் விபரத்தைப் பொலிஸ் ஹோம் ஒபிசுக்குக் கொடுத்த சம்பவங்கள் உண்டு. வீட்டு வன்முறைக்கு உள்ளான பெண்களின் விபரத்தை அப்படிக் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்று பொலிசைக் கண்காணிக்கும் அரச பரிசோதகர்களே 2020 டிசெம்பரில் எழுதினார்கள். அப்படியானவர்கள் உயிராபத்து இல்லையென்றால் முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேட்டுக்கொண்டு போங்கோ. உயிராபத்து என்றால் யோசிக்காமல் 999. குற்றம் ஒன்றைப் பற்றித் தகவல் மட்டும் கொடுக்க விரும்பினால் கிறைம்ஸ்ரொப்பர்ஸ் 0800 555 111. அது பொலிஸ் அல்ல, உங்கள் பேரைக் கேட்பதும் இல்லை.

இளம் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். 1990களின் கடைசியிலும் அதற்குப் பிறகும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கட பொடியள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் வெட்டிய காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது சில தகப்பன்மார் "ஒருக்கா மறியலுக்குள்ளே கொண்டுபோய்க் காட்டினால் பயந்துவிடுவான்" என்றார்கள். அமெரிக்காவில் 1970களில் இதைச் செய்தே பார்த்தார்கள். ஆயுள் கைதிகளைக் கொண்டு பிள்ளைகளை உறுக்கினார்கள். பின்னர் அப்படியான பரீட்சார்த்தங்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, போகாத பிள்ளையளைவிடப் போன பிள்ளையள்தான் கூடக் குற்றம் செய்தார்கள். மாறாக, கிளாஸ்கோவில் 2005இல் தொடங்கிய வன்முறைக் குறைப்புப் பிரிவு கத்திக்குத்தை ஒரு தொற்றுநோய் மாதிரிப் பார்த்து, ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் வேலைவாய்ப்பையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த பத்து வருடத்தில் அங்கே கொலைகள் நன்றாகக் குறைந்தன. எது எவ்வளவு காரணம் என்று இன்னும் விவாதிக்கிறார்கள், அது வேறு கதை.

நல்ல செய்தியும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டுக் களவு 1990களின் நடுப்பகுதியில் இருந்ததைவிட முக்கால்வாசிக்கு மேல் குறைந்துவிட்டது. முக்கிய காரணம் நல்ல கதவும் நல்ல யன்னலும்தான் என்று பல ஆய்வாளர் சொல்கிறார்கள். யன்னல் பூட்டு, வாசல் கதவுக்கு இரட்டைப் பூட்டு, நேரத்துக்கு எரியும் உள்வெளிச்சம், ஆள் நடந்தால் எரியும் வெளிவெளிச்சம் என்ற நான்கும் சேர்ந்தால், ஒன்றுமே இல்லாத வீட்டைவிட நாற்பது மடங்குக்கு மேல் பாதுகாப்பு என்று 2017இல் ஒரு ஆய்வு சொன்னது. எங்கட ஆக்கள் ஆயிரம் பவுணுக்கு அலாரம் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள். நகையைப் படம் எடுத்து வையுங்கோ, ஆனால் சாமத்தியவீட்டுக்குப் போகும் திகதியையும் நகையையும் சேர்த்து முகநூலில் போடாதேயுங்கோ. காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு பொருளுக்கு எவ்வளவு மட்டும் தருவார்கள் என்று எழுதியிருக்கும், அதை வாசியுங்கோ. தாலிக்கொடியின் விலைக்கு அது காணாமல் போகலாம்.

அந்த அக்கா இன்றைக்கும் இந்த மண்டபத்தில் இருக்கிறா. அவவிடம் கேட்டுத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். "பேரை மட்டும் சொல்லாதேயுங்கோ அண்ணை, மிச்சத்தைச் சொல்லுங்கோ" என்றா. கொடி கிடைக்கவே இல்லை.

வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். எந்தத் தெருவில் இருக்கிறீர்கள், களவு போனால் அயலில் உள்ள எங்கட குடும்பங்களுக்குத் ரெலிபோன் எடுத்துச் சொல்லச் சம்மதமோ என்று மட்டும் எழுதினால் போதும். பூட்டு மாற்றத் தெரிந்த இரண்டு தம்பிமார் சனிக்கிழமைகளில் வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பூட்டின் காசு உங்களுடையது, கூலி ஒரு தேத்தண்ணி.