ஒரு பிடி நேரம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், கல்லூரியின் சமூக சேவைக் கழகத்துக்குத் துணைநிற்கும் பழைய மாணவிகள் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூறு ஆண்டு நிறைந்த சங்கம் தான் செய்தவற்றை எண்ணிப் பார்ப்பது முறை. கட்டடங்கள், ஆய்வுகூடம், புலமைப்பரிசில் நிதி எல்லாம் இந்த மலரின் மற்றப் பக்கங்களில் வருகின்றன. எங்களுக்குத் தந்த சில நிமிடங்களில் ஒரு சின்ன விடயத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். பாடசாலை விட்ட பின், கிழமைக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம் நடக்கும் சேவைக் கழகக் கூட்டம்தான் அது. பிள்ளைகளுக்கு நேரமில்லை, மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் என்ன என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. குறைக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம். ஏன் என்று சொல்ல இடம் தாருங்கள்.

கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. வரவு பதிவார்கள். போன கிழமை செய்வதாக ஏற்றவர்கள் செய்ததைச் சொல்வார்கள். செய்யாதவர்கள் ஏன் முடியவில்லை என்று சொல்வார்கள். பொருளாளர் கணக்கு வாசிப்பார். அடுத்த கிழமைக்கு யார் எந்த ஒழுங்கைக்குப் போவது, யார் எந்த ஆச்சியைப் பார்ப்பது என்று பெயர் எழுதிக்கொண்டு கலைவார்கள். அவ்வளவுதான்.

இந்த வழக்கம் உலகத்துக்குப் புதிதல்ல. 1905 பெப்ரவரி 23ஆம் திகதி சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணியும் மூன்று நண்பர்களும் கூடிய கூட்டத்திலிருந்து றோட்டரிக் கழகம் பிறந்தது. ஒருவர் மாறி ஒருவருடைய அலுவலகத்தில் சுழற்சியாகக் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. 1929இல் அது கொழும்புக்கு வந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான இன்ரறக்ட் கழகம் 1962இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தொடங்கியது. பெண்களை அங்கத்தவராக ஏற்கும் விதி உலகம் முழுவதற்கும் 1989இல்தான் வந்தது என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. அந்த வாசல் நமக்குத் திறக்க முன்னரே சேவை செய்த பெண்கள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

அவர்கள் வைத்திருந்த முறைக்குப் பெயர் பிடியரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டுவிடுவது. ஆறுமுக நாவலர் நடத்திய பாடசாலையைத் தாங்கிய வருவாயில் பிடியரிசியும் ஒன்று. அந்த ஒரு பிடியால் எந்த வீடும் பட்டினி கிடக்கவில்லை. பத்து மூடை அரிசியை ஒரு நாளில் கொடுக்க ஒரு சிலரால்தான் முடியும். ஒரு பிடியை நாள்தோறும் கொடுக்க எல்லோராலும் முடியும். கிழமைக் கூட்டத்தை நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம். அது நேரத்தில் எடுக்கும் பிடியரிசி.

கிழமைக்கு ஒரு முறை என்பது வெறும் பழக்கமா என்று கேட்பவர்களுக்கு டெங்கு நுளம்பே பதில் சொல்லும். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காய்ச்சலும் தொடங்கிவிடும். தேங்கிய தண்ணீரில் முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகிப் பறக்க ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றையும் கிழமைக்கு ஒரு தடவை கவிழ்த்தால் அந்தச் சுற்று அறுந்துபோகும். மாதத்துக்கு ஒரு தடவை பெரிய சிரமதானம் வைத்தால், இரண்டு சிரமதானங்களுக்கு இடையில் நுளம்பு மீண்டும் பெருகிவிடும். முட்டை பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கக்கூடியது. அதனால் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உரஞ்சிக் கழுவவும் வேண்டும். இதை ஒரு வீட்டில் ஒரு முறை சொன்னால் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். நாலாவது கிழமையும் அதே பிள்ளை படலையைத் தட்டினால், “பிள்ளை, நாங்கள் இண்டைக்கே உரஞ்சிப்போட்டம்” என்று சொல்வார்கள்.

கிணறும் அப்படித்தான். நமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீர்தான் நம் குடிநீர். ஒரு வளவில் ஊற்றியது இன்னொரு வளவுக் கிணற்றில் வரும். தோட்டத்தில் மிஞ்சிய உரமும், மலசலகூடக் குழியின் கசிவும் வேலியைப் பார்த்து நிற்பதில்லை. இதை விளங்கிக்கொண்ட பிள்ளை அயலைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

அடுத்தது, தனித்திருக்கும் முதியவர்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், பெரிய வீட்டில் ஓர் அறை மட்டும் திறந்திருக்கும். ஒக்ரோபர் முதலாம் திகதி முதியோர் தினத்தன்று மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வரலாம். அதில் பிழை இல்லை. ஆனால் முதல் நாள் போகும் பிள்ளையிடம் எந்த ஆச்சியும் “எனக்கு ஒரு குறையுமில்லை” என்றுதான் சொல்வார். மூன்றாம், நாலாம் கிழமையில்தான், காலைக் குளிசை எது, இரவுக் குளிசை எது என்று எழுத்துத் தெரியவில்லை என்பதை மெல்லச் சொல்வார். மனம் திறக்க நாட்கள் வேண்டும். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

பெரிய வேலைகளும் இந்த ஒழுங்கில்தான் நடந்திருக்கின்றன. போலியோச் சொட்டுமருந்து ஒரு தடவை கொடுத்தால் போதாது. திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். 1995இல் இலங்கையில் தேசிய தடுப்புமருந்து தினங்கள் தொடங்கியபோது, போர் நடந்த பகுதிகளிலும் பிள்ளைகளுக்கு மருந்து சேர வேண்டும் என்பதற்காக அந்த நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்த இணங்கின. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளர் 1993இல் பதிவானவர்.

அதே 1995இல் ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் வெறுமையானது. தென்மராட்சியில் பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் ஒதுங்கியவர்களுக்கு, பெயர் பதியவும், வரிசையை ஒழுங்குபடுத்தவும், சண்டை வராமல் பங்கிடவும் தெரிந்த ஒரு பெண் எவ்வளவு பெரிய துணை என்பது அந்த நாட்களைக் கண்ட எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கம் ஆபத்து வந்த அன்று கற்றுக்கொள்வதல்ல. அமைதியான நாளில், இப்படி ஒரு சாதாரணக் கூட்டத்தில் கற்றுக்கொள்வது.

பெற்றோரின் கவலை எங்களுக்கு விளங்காமல் இல்லை. பாடசாலை விட்டால் ரியூசன், அது முடிந்தால் இன்னொரு ரியூசன். சாதாரண தரமும் உயர்தரமும் பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன என்பது உண்மை. சான்றிதழுக்காக மட்டும் கழகத்தில் சேருகிறார்கள் என்ற குறையும் உண்டு. சான்றிதழுக்காகவே வரட்டும், ஆச்சி பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிய பிறகு யாரும் சான்றிதழுக்காகப் போவதில்லை. றோட்டரிக் கழகம்கூட 2016இல் தன் விதியைத் தளர்த்தி, மாதம் இரு முறை கூடினாலும் போதும் என்றது. வேலைப்பளு உள்ள பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். பழக்கம் உருவாகும் வயதில் இருப்பவர்களுக்குக் கிழமைதான் பொருத்தம்.

ஆகவே நம் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். முதலாவது, கிழமைக் கூட்டத்தின் முக்கால் மணி நேரத்தை யாரும் தொடாமல் காப்போம். இரண்டாவது, ஊரில் இருக்கும் நாம் முறைவைத்து, கிழமைக்கு இருவராகப் பிள்ளைகளுடன் வீடுகளுக்குப் போவோம். அவர்கள் தனியே போகக் கூடாது. பெற்றோருக்கும் அது ஆறுதல். 

மூன்றாவது, வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு. நீங்கள் அனுப்பிய பணம் கூரையாகவும் புத்தகமாகவும் நிற்கிறது. அதற்கு நன்றி சொல்லி முடியாது. இந்த முறை பணம் கேட்கவில்லை. றோட்டரியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: தன் கழகக் கூட்டத்துக்கு வர முடியாதவர், தான் நிற்கும் ஊரில் உள்ள இன்னொரு கழகத்தின் கூட்டத்துக்குப் போய் வரவை ஈடுசெய்யலாம். அதையே நாமும் செய்வோம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ, உங்கள் தெருவில் தனித்திருக்கும் ஒருவருக்குக் கிழமையில் ஒரு மணி நேரம் கொடுங்கள். அவர் தமிழராக இருக்க வேண்டும் என்றில்லை. செய்ததை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். கழகப் பதிவேட்டில் உங்களுக்கென ஒரு பக்கம் திறந்து, பிள்ளைகள் வரவு பதியும்போது உங்கள் பெயரையும் வாசிப்பார்கள். பெயர் வாசிக்கும்போது நீங்களும் “வரவு” என்று சொல்லக்கூடியவர்களாக இருங்கள்.

அடுத்த கூட்டம் வழமைபோல வரும் புதன்கிழமை, பாடசாலை விட்டதும்.